பீடிக்கு அபராதம், மின்சிகரெட்டுக்குச் சலாமா?



2025 மே மாதம் ஊரில் அம்மன் கொடை முடித்துவிட்டு மும்பைக்கு ரயிலேறினேன். குமாஸ்தாவுக்குக் கிடைக்கிற பாஸில் எனக்கு ஏ.சி. பெட்டி. நம் தாராவிக்காரர்கள் பலர் ஸ்லீப்பரில் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பேசிவிட்டு வரலாம் என்று நடந்தபோது, கதவோரம் ஒரு பெரியவர் பிடிபட்டு நின்றார். கட்டட வேலைக்கு வருகிறவர். விரலிடுக்கில் பாதி பீடி. "மன்னிச்சிருங்க சார், இனிமே செய்யமாட்டேன்" என்று கும்பிட்டார். மடியிலிருந்து நூறு ரூபாய்த் தாள் இரண்டை எடுத்துக் கொடுத்தார். ரசீது கிழிக்கப்பட்டது.

இதை நான் அநியாயம் என்று சொல்லமாட்டேன். ஓடுகிற வண்டியில் ஒரு தீப்பொறி என்ன செய்யும் என்பது ரயில்வேக்காரனுக்குத் தெரியும். ஆனால் கதை அத்தோடு முடியவில்லை.

என் பெட்டிக்குத் திரும்பினால் மாம்பழ வாசனை. யாரோ கூடையோடு பழம் கொண்டுவருகிறார்கள் என்றே நினைத்தேன். அண்ணாந்து பார்த்தால், மேல் பெர்த்தில் போர்வைக்குள்ளிருந்து வெள்ளையாக ஆவி வருகிறது! கல்லூரி முடித்த வயசுள்ள ஒரு பையன், பேனா மாதிரி ஒன்றை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். கீழே ஒரு தாய், இழுப்பு நோயுள்ள குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் அதன் மூக்கை மூடியிருந்தாள். பெரியவருக்கு ரசீது கிழித்த அதே பரிசோதகர் அந்த வழியே வந்தார். நின்றார், மூக்கை உறிஞ்சினார், "யாரப்பா சென்ட் அடிச்சது?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

நான் அந்தப் பையனிடம் போய், "தம்பி, குழந்தைக்கு ஆகாது, நிறுத்துங்க" என்றேன். அவன் மரியாதையாகத்தான் பதில் சொன்னான். "அங்கிள், இது ஸ்மோக்கிங் கிடையாது. நெருப்பு இல்ல, சாம்பல் இல்ல, வெறும் ஆவி. எந்தச் சட்டத்துல தப்புன்னு இருக்கு, காட்டுங்க."

சங்க மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறவன் நான். பதில் வராமல் என் பெர்த்தில் வந்து உட்கார்ந்தேன். அந்த அவமானத்தில்தான், மும்பை வந்ததும் சட்டங்களைத் தேடிப் படித்தேன். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவனுக்குச் சட்டப் புத்தகம் இரும்புக் கடலைதான், ஆனாலும் மென்றேன்.

முதலில் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம். அதன் 167-வது பிரிவு, பெட்டியில் உள்ள இன்னொரு பயணி ஆட்சேபித்தால் புகைக்கக் கூடாது என்றது. ஆட்சேபிக்காவிட்டால்? ஊதலாம்! அதிகாரம் சக பயணியின் வாயில் இருந்தது. ஏழை வாய் திறப்பானா, தோழர்களே? அந்தக் குறையைத் தீர்த்தது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு முன்பே, நம் மும்பைக்காரரான முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில், 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரயில் உள்ளிட்ட பொது இடங்களில் புகைக்கத் தடை போட்டிருந்தது. பிடிக்காதவன் ஏன் பிடிப்பவனின் புகையைக் குடிக்க வேண்டும் என்பதுதான் அந்த வழக்கின் உயிர். 2003 சட்டத்தின்படி, யாரும் ஆட்சேபிக்கவே வேண்டாம். பொது வாகனத்தில் புகைத்தாலே 200 ரூபாய் வரை அபராதம். பெரியவர் கட்டியது அதுதான். ஆனால் அந்தச் சட்டம் 'புகைத்தல்' என்று சொல்வது புகையிலையைப் புகைப்பதை. மின்சிகரெட்டில் புகையிலை எரியவில்லை. பேட்டரி ஒரு கம்பிச்சுருளைச் சூடாக்குகிறது; நிகோடின் கலந்த திரவம் ஆவியாகிறது. பையன் பிடித்துக்கொண்ட ஓட்டை அதுதான்.

சரி, மின்சிகரெட்டுக்கென்றே 2019-இல் ஒரு சட்டம் வந்ததே? வந்தது. முதலில் செப்டம்பரில் அவசரச் சட்டம், டிசம்பரில் முழுச் சட்டம். தயாரித்தால், இறக்குமதி செய்தால், விற்றால், விளம்பரம் செய்தால் முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கேட்கவே நன்றாயிருக்கிறது. ஆனால் வாயில் வைத்து ஊதுகிறவனைத் தண்டிக்க அதில் ஒரு வரி இல்லை! விற்கக் கூடாத சரக்கு, ஆனால் பிடிக்கலாம். வானத்திலிருந்தா விழுந்தது என்று கேட்க ஆளில்லை.

ஆக நாம் 1989-க்கே திரும்பிவிட்டோம். பக்கத்தில் இருப்பவன் வாய் திறந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பீடிக்குச் சட்டம் காத்திருக்கவில்லை, மின்சிகரெட்டுக்குக் காத்திருக்கிறது. பீடி நாறும், அதனால் பிடிபடும். இது மணக்கும், அதனால் தப்பிக்கும். பீடி பிடிக்கிறவன் கும்பிடுவான். இதைப் பிடிக்கிறவன் சட்டத்தைக் காட்டு என்பான். நான் பீடிக்கு வக்காலத்து வாங்கவில்லை. என் தாயார் முக்கூடல் பக்கம் பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தார்; மடியில் தட்டோடு குனிந்தே இருந்து முதுகு வளைந்துபோனது; தூள் ஏறிய இருமல் கடைசிவரை நிற்கவில்லை. அந்த இலையின் குணம் எங்கள் வீட்டுக்குத் தெரியும். எல்லார் வாய்க்கும் ஒரே சட்டம் என்று கேட்கிறேன், அவ்வளவுதான்.

இதற்கு மாற்றுப் பேச்சும் உண்டு. சிகரெட்டை விட இது உதவுகிறது, இங்கிலாந்தில் அரசே கொடுக்கிறது என்பார்கள். உண்மைதான், விட நினைப்பவருக்கு அங்கே கொடுக்கிறார்கள். ஆனால் அங்கேயும் ரயில் கம்பெனிகள் பெட்டிக்குள் இதைப் பிடிக்க விடுவதில்லை. அதை மட்டும் இவர்கள் சொல்வதில்லை. ஆவியில் நச்சு குறைவு என்பார்கள். சிகரெட் புகையைவிடக் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் நிகோடினும் இருக்கிறது, கம்பிச்சுருளிலிருந்து வரும் நிக்கல், ஈயம் போன்றவற்றின் நுண்துகளும் இருக்கிறது. ஜன்னல் திறக்காத பெட்டியில் இழுப்புள்ள குழந்தைக்கு அது ஏன்? இன்னும் சிலர், சிகரெட் கம்பெனியைக் காப்பாற்றத்தான் 2019 சட்டம் வந்தது என்கிறார்கள். நாட்டின் பெரிய சிகரெட் கம்பெனியில் எல்.ஐ.சி.க்குப் பங்கு இருப்பதால் அந்தச் சந்தேகத்தை நான் முழுதாகத் தள்ளிவிட மாட்டேன். இருந்தாலும், அதற்காகப் பெட்டிக்குள் ஊத உரிமை வந்துவிடாது.

2025 டிசம்பரில் இந்த விவகாரம் மக்களவைக்குள்ளேயே வந்துவிட்டது. ஒரு உறுப்பினர் அவைக்குள் மின்சிகரெட் பிடிக்கிறார் என்று இன்னொரு உறுப்பினர் எழுந்து புகார் சொன்னார். அது மெய்யா பொய்யா என்று பார்ப்பது சபாநாயகர் வேலை. எனக்கு ஒன்று தோன்றியது: சட்டம் செய்கிற இடத்திலேயே ஒருவர் எழுந்து ஆட்சேபிக்க வேண்டியிருக்கிறது என்றால், ரயில் பெட்டியில் நம் பெண்கள் என்ன செய்வார்கள்?

அந்த மாதமே, நம் சால் வீட்டுக்காரம்மா ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து நீல நிறத்தில் ஒன்றை எடுத்து நீட்டினாள். "அண்ணாச்சி, பெரியவன் ஸ்கூல் பையில கெடந்துச்சு. பேனான்னு பாத்தா எழுத மாட்டேங்கு. என்னதுன்னு பாத்துச் சொல்லுங்க." மூடியைத் திறந்தேன். அதே மாம்பழ வாசனை. இட்லிக் கூடை சுமந்து அந்தப் பையனைப் படிக்கவைக்கிறவளிடம் என்ன சொல்வது? சொன்னேன். அவள் அழவில்லை. "வீட்டுக்குள்ளயே இழுத்திருக்கான். ஊதுபத்தின்னுல்ல நெனச்சேன்" என்றாள். பீடி பிடித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். பள்ளிக்கு அருகில் பான் கடையிலே ரகசியமாக வாங்கினானாம். ஒரு லட்சம் அபராதம் என்ற சட்டம் அந்தக் கடைக்காரனை இன்னும் பார்க்கவில்லை.

ஆகவே நாம் செய்யவேண்டியது: பொது இடத்தில் மின்சிகரெட் பிடிப்பதும் புகைப்பதுதான் என்று சட்டத்தில் சேர்க்கச் சொல்லி நம் பகுதி எம்.பி.க்கு மனு. விற்கிற கடைகளைப் பற்றிக் காவல் நிலையத்தில் எழுத்து மூலமாகப் புகார். வாயால் சொன்னால் காற்றோடு போகும். வண்டியில் யாராவது ஊதினால் 139-க்குச் சொல்லுங்கள். ஒருவராகப் பயமாக இருந்தால் நாலு பேராகச் சேர்ந்து சொல்லுங்கள். விட நினைக்கும் தோழர்களுக்கு அரசின் இலவசத் தொலைபேசி 1800 112 356. அந்தப் பையனை அவன் தாயார் பக்கத்தில் உட்கார்ந்து அதில் பேச வைத்தாள். இப்போது வாரம் ஒருமுறை அவர்களே அவனைக் கூப்பிடுகிறார்கள்.

மனு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் கையெழுத்துக்கு வைக்கப்படும். வருகிற ஆண்கள் பீடிக்கட்டை வீட்டில் வைத்துவிட்டு வரவும். சென்ற முறை போல மாடிப்படியில் நின்று ஊதினால், முதல் ரசீதை நானே கிழிப்பேன்.