லிட்டருக்கு எத்தனை கிலோ மீட்டர்?

மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர் விலையைக் கேட்ட கையோடு கேட்கும் கேள்வி, "லிட்டருக்கு எத்தனை கொடுக்கும்?" என்பதுதான். பல ஆண்டுகளாக இந்தக் கேள்வி மாறவில்லை. ஆனால், பெங்களூர்ச் சாலைகளைப் பார்த்தால் ஒரு முரண்பாடு கண்ணில் படுகிறது. பெட்ரோலை மிச்சப்படுத்தும் 100 சி.சி. வண்டிகள் ஒரு புறம் விற்பனையில் முன்னணியில் நிற்கின்றன. அதில் பாதி தூரமே ஓடக்கூடிய புல்லட்டுக்கும் மவுசு குறையவில்லை. அப்படியானால் ஓட்டுகிறவருக்கு மைலேஜ் முக்கியமா, இல்லையா?

யார் ஓட்டுகிறார், மாதம் எவ்வளவு தூரம் ஓட்டுகிறார் என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

1985-ல் வந்த மாற்றம்

1970-களில் ராஜ்தூத், மைசூரில் தயாரான எஸ்டி போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் சாலைகளில் நிறைந்திருந்தன. இவ்வகை என்ஜினில் எரியாத பெட்ரோலில் ஒரு பகுதி புகையோடு சேர்ந்து வெளியே போய்விடும். மைலேஜ் குறைவாக இருந்ததற்கு இது முக்கியக் காரணம். 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி.100 ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டி. 'பெட்ரோல் போடு, மூடு, மறந்துவிடு' என்ற பொருளில் வந்த அதன் விளம்பரம் நாடெங்கும் பிரபலமாயிற்று. நடுத்தரக் குடும்பங்கள் ஸ்கூட்டரிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு மாறியதில் இந்த வண்டிக்குப் பெரும் பங்கு உண்டு.

அதே 1985-ல்தான் யமஹா ஆர்.எக்ஸ்.100 வந்தது. மைலேஜில் அது பின்தங்கியது. வேகத்தில் இளைஞர்களைக் கவர்ந்தது. 1996-ல் உற்பத்தி நின்ற பிறகும் பழைய ஆர்.எக்ஸ்.100-ஐத் தேடிப் பிடித்து நல்ல விலை கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆக, மைலேஜைப் பொருட்படுத்தாத ஒரு கூட்டம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

பெங்களூரில் 2021 ஜூனில் பெட்ரோல் லிட்டருக்கு 100 ரூபாயைத் தாண்டியது. இடையில் விலை ஏறி இறங்கினாலும், 2024 ஜூனில் மாநில அரசு விற்பனை வரியை உயர்த்தியதும் மீண்டும் 102 ரூபாய்க்கு மேல் சென்றது. கணக்கு எளிதாக இருக்க லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளலாம்.

நாளொன்றுக்கு 20 கிலோ மீட்டர் வீதம் மாதம் 25 நாள் அலுவலகம் சென்று வருகிறவர் 500 கிலோ மீட்டர் ஓட்டுகிறார். லிட்டருக்கு 40 கொடுக்கும் வண்டியை விட்டு 60 கொடுக்கும் வண்டிக்கு மாறினால் அவருக்கு மிச்சமாவது மாதம் சுமார் 417 ரூபாய். வண்டியின் விலை வித்தியாசத்தையும் கணக்கில் சேர்த்தால் இது பெரிய தொகையல்ல.

உணவுப் பொட்டலமும் பார்சலும் கொண்டு சேர்க்கும் தொழிலாளியின் கதை வேறு. நாளைக்கு 120 கிலோ மீட்டர், மாதம் 26 நாள் என்றால் 3,120 கிலோ மீட்டர். 40 கொடுக்கும் வண்டிக்கு 7,800 ரூபாய் செலவாகும். 60 கொடுக்கும் வண்டிக்கு 5,200 போதும். வித்தியாசம் 2,600 ரூபாய். அவருடைய வீட்டு வாடகையில் ஒரு பகுதியே இந்தத் தொகையில் அடங்கிவிடும். அவருக்கு மைலேஜ் என்பது வண்டியின் பெருமையல்ல, கூலியின் ஒரு பகுதி. இத்தகையோர் பேட்டரி ஸ்கூட்டருக்கு மாறுவதும், 2024 ஜூலையில் பஜாஜ் நிறுவனம் சி.என்.ஜி.யில் ஓடும் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்ததும் இந்தக் கணக்கின் விளைவுகளே.

பலரும் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. மைலேஜ் 30-லிருந்து 40-ஆக உயர்ந்தால் 1,000 கிலோ மீட்டருக்கு எட்டு லிட்டருக்கு மேல் மிச்சம். 60-லிருந்து 70-ஆக உயர்ந்தால் மிச்சம் இரண்டரை லிட்டருக்கும் குறைவு. இரண்டிலும் கூடியது அதே பத்துதான். ஏற்கெனவே 60 கொடுக்கும் வண்டியை வைத்திருப்பவர், 70 என்ற விளம்பரத்தைப் பார்த்து அதை விற்றுப் புது வண்டி வாங்குவது லாபமாகாது.

எத்தனால் கலப்பு

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கு, குறித்த காலத்துக்கு முன்பாகவே 2025-ல் எட்டப்பட்டது. இதனால் கச்சா எண்ணெய் இறக்குமதி குறைகிறது. கரும்பு, மக்காச்சோள விவசாயிகளுக்கு வருமானம் கிடைக்கிறது. இந்த நன்மைகளை மறுக்க முடியாது. ஆனால், எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவீதக் கலப்புக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட பழைய இரு சக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக் வெளியிட்ட 2021-ஆம் ஆண்டு அறிக்கையே கூறியிருந்தது.

அலுவலகம் செல்கிறவருக்கு இது தேநீர்ச் செலவு. மாதம் 3,120 கிலோ மீட்டர் ஓட்டுகிறவரின் பழைய வண்டி லிட்டருக்கு 50 கொடுப்பதாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் நஷ்டம். இதை ஈடுகட்டக் கலப்புப் பெட்ரோலுக்கு வரிச் சலுகை தரலாம் என்ற யோசனையும் அதே அறிக்கையில் இருந்தது. எத்தனாலின் கொள்முதல் விலை பிறகு உயர்ந்து, 2025 ஜூலையில் சராசரியாக லிட்டருக்கு 71 ரூபாயைத் தாண்டிவிட்டதால், விலையைக் குறைக்க வழியில்லை என்பது மத்திய அரசின் வாதம். கொள்முதல் விலை உயர்ந்தது உண்மையே. ஆயினும் வரிச் சலுகை அரசின் கையில் இருக்கும் விஷயம். நாட்டுக்குக் கிடைக்கும் நன்மையின் செலவைப் பழைய வண்டி ஓட்டும் தொழிலாளியின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது.

ஓட்டுகிறவர் கையில் இருப்பது

நிறுவனங்கள் சொல்லும் மைலேஜ் சோதனைக் கூடத்தில் கிடைப்பது. சில்க் போர்டு சந்திப்பிலும் ஹெப்பாளிலும் கால் ஊன்றி நிற்கும் வண்டிக்கு அது கிடைக்காது. நின்ற வண்டி பெட்ரோல் குடிக்கிறது; தூரம் கூடுவதில்லை. சிக்னலில் என்ஜினை அணைப்பதும், டயரில் காற்றைச் சரிபார்ப்பதும், சங்கிலிக்கு எண்ணெய் போடுவதும் காசில்லாமல் மைலேஜைக் கூட்டும் வழிகள். வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது என்பதை நெடுஞ்சாலையில் பறப்பவர்கள் நினைவில் கொள்வது நல்லது.

நாட்டில் விற்கும் பெட்ரோலில் 61 சதவீதத்தை இரு சக்கர வண்டிகளே பயன்படுத்துவதாக, மத்திய அரசின் பெட்ரோலியத் திட்டமிடல் பிரிவுக்காக நடந்த ஆய்வு 2014-ல் தெரிவித்தது. பெட்ரோல் கொள்கை வகுப்பவர்கள் காரில் செல்பவரை மட்டும் மனத்தில் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. லிட்டருக்கு இரண்டு கிலோ மீட்டர் குறைவது பலருக்கு ஒரு பொருட்டல்ல. பகல் முழுதும் வண்டியிலேயே பிழைப்பவருக்கு அது மாதக் கடைசியில் விழும் துண்டு.