செஞ்சோற்றுக் கடனும் சினிமா தாதாக்களும்

ரவுடிக் கதைகளையும் தாதாப் படங்களையும் பற்றி நம் நாட்டில் இரண்டு விதமான பேச்சு நடக்கின்றது. பெரியவர்கள் என்பவர்கள், "அரிவாளையும் துப்பாக்கியையும் காட்டி வாலிபர்களைக் கெடுக்கிறார்கள், சர்க்கார் இதைத் தடுக்க வேண்டும்" என்கிறார்கள். வாலிபர்களோ, "இரண்டரை மணி நேரம் பொழுதுபோக்கப் போகிறோம், அரிவாளைப் பார்த்தவனெல்லாம் அரிவாள் எடுத்துவிடுவானா?" என்கிறார்கள். இரு கட்சியாரும் அரிவாளைப் பற்றியே பேசுகிறார்களேயொழிய, அதை ஒருவன் கையில் எடுத்துக் கொடுக்கிற சங்கதி என்னவென்று கேட்பாரைக் காணோம். அரிவாளைப் பற்றி நமக்கு அவ்வளவு கவலையில்லை. தமிழன் அரிவாளை முதன்முதல் சினிமாவில்தான் பார்த்தான் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நமது கவலையெல்லாம் அந்தப் படங்களில் அரிவாளுக்குப் பின்னால் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிற குடும்பம், விசுவாசம் என்கிற இரண்டு வார்த்தைகளைப் பற்றியதேயாகும்.

1987-ம் வருஷம் தீபாவளிக்கு வந்த "நாயகன்" என்கிற படத்தை எடுத்துக்கொள்வோம். மணிரத்னம் எடுத்து, கமல்ஹாசன் நடித்தது. தூத்துக்குடியில் பிறந்து பம்பாய்க்குப் போய், ரயில் நிலையத்தில் மூட்டை சுமந்து, பிறகு கள்ளச்சாராயத்திலும் கள்ளக்கடத்தலிலும் பெரிய ஆளாகித் தாராவித் தமிழர்களுக்குப் பஞ்சாயத்துச் செய்து வந்த வரதராஜ முதலியார் என்பவருடைய வாழ்க்கையைத் தழுவியது அது என்று எல்லோருக்கும் தெரியும். படம் வந்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார். சில மாதங்கழித்து 1988-ல் சென்னையில் செத்தார். படத்தில் அவர் பெயரை மாற்றினார்கள். முதலியாரை எடுத்துவிட்டு என்ன வைத்தார்கள் என்றால், நாயக்கரை வைத்தார்கள்! அதாவது ஆளை மறைக்க வேண்டியதுதான், ஜாதிப் பட்டத்தை மாத்திரம் மறைக்கக்கூடாது என்பதாகக் கருதினார்கள் போலும். திருமுக்கூடலிலிருந்து அதிக தூரமில்லாத செங்கற்பட்டில் 1929-ம் வருஷம் பிப்ரவரி மாதம் மகாநாடு கூட்டி, பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜாதி வாலை அறுத்தெறிய வேண்டுமென்று தீர்மானம் செய்தார்கள். "நாயக்கர்" என்ற வாலை வைத்திருந்தவரே அதை விட்டார். அப்படியிருக்க, சுமார் 60 வருஷம் கழித்து, கும்பல் கும்பலாய் ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டு அதே பட்டத்தைச் சொல்லி அழைப்பதைக் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்துக் கைதட்டினோமா இல்லையா என்று கேட்கின்றோம்.

படம் எடுத்தவர் யோசனையில்லாதவர் என்று நாம் சொல்ல வரவில்லை. அந்தத் தாதாவின் மனைவி சுடப்பட்டுச் சாகிறாள், மகன் சாகிறான், மகள் தகப்பனைக் கேள்வி கேட்டுவிட்டு வீட்டை விட்டே போய்விடுகிறாள், கோர்ட்டு விடுதலை செய்த மனிதனை, அவன் முன்பு கொன்ற போலீஸ்காரனின் மகனே சுட்டுத் தள்ளுகிறான். நல்லவரா கெட்டவரா என்று பேரப்பிள்ளை கேட்டதற்குப் பதில் தெரியவில்லை என்கிறான். இவ்வளவும் படத்திலேயே இருக்கின்றது. ஆனால் கொட்டகையை விட்டு வெளியே வந்த வாலிபன் எடுத்துக்கொண்டு போனது மகளின் கேள்வியையல்ல, தகப்பனின் வெள்ளை வேஷ்டியையும் ஜிப்பாவையுமேயாகும். இன்றைக்கும் கலியாண விளம்பரத் தட்டிகளில் மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் எந்தப் படத்தைப் போட்டு நிற்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே இது விளங்கும்.

"அவர் ஏழைகளுக்கு எவ்வளவோ செய்தாரே" என்பார்கள். இதற்குத் திருமுக்கூடல்காரர்கள் எங்கும் தேடிப் போக வேண்டியதில்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்திலுள்ள அவர்கள் ஊர்ப் பெருமாள் கோவில் சுவரிலேயே பதில் வெட்டியிருக்கிறது. 11-ம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிய அந்தச் சாசனத்தில், 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர்சாலை, அதாவது ஆஸ்பத்திரி, வைத்தியர் முதல் மருந்து வரைக்கும் கணக்கோடு எழுதப்பட்டிருக்கிறது. இதைச் சொல்லிப் பூரித்துப் போகாத பண்டிதர் இல்லை. நாமும் சந்தோஷப்படுவோம். ஆனால் அந்தப் படுக்கை யாருக்கு என்று பார்த்தால், அங்கு வேதம், வியாகரணம் படித்த மாணாக்கர்களுக்கும் கோவில் ஊழியக்காரர்களுக்கும்தான். கதிர் அறுத்தவனுக்கும் தறி நெய்தவனுக்கும் அதில் ஒரு படுக்கை இருந்ததாகத் தெரியவில்லை. அதே ராஜாவின் மெய்க்கீர்த்திகளில் என்ன பெருமை பேசப்படுகிறது? பகைவன் தலையை அறுத்ததோடு, அவனுடைய ஒரே மகளின் மூக்கையும் அறுத்ததாகப் பேசப்படுகிறது. அவள் மயில் போன்ற அழகுடையவள் என்று வருணனை வேறு! தகப்பன்மேல் உள்ள கோபத்தை மகள் மூக்கில் காட்டுவது, அதைக் கல்லில் வெட்டி வைப்பது, கூடவே தன்னைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் தர்மம் செய்வது என்கிற இந்த முறை ஏதோ அமெரிக்காவிலிருந்து நேற்றுக் கப்பலேறி வந்ததல்ல. அன்று மெய்க்கீர்த்தி எழுதப் புலவன் இருந்தான். இன்று பாட்டுப் போட ஆள் இருக்கின்றது.

நிற்க, விசுவாசம் என்பதற்கு வருவோம். நமது நாட்டில் இதற்குச் செஞ்சோற்றுக் கடன் என்று பெயர். இதற்கு உதாரண புருஷன் கர்ணன். 1991-ல் இதே மணிரத்னம் "தளபதி" என்ற பெயரில் கர்ணனையும் துரியோதனனையும் கால்சட்டை மாட்டி ரவுடிகளாக்கிக் காட்டினார். ஜனங்கள் உருகிப்போனார்கள். அந்தப் பழங்கதையையே சற்று அறிவைக் கொண்டு பார்ப்போம். சபையில் வில்லெடுத்து நின்ற ஒருவனை, "நீ எந்தக் குலம், உன் தகப்பன் யார்?" என்று கேட்டு அவமானம் செய்தார்கள். வித்தையைப் பார்க்கவேண்டிய இடத்தில் பிறப்பைப் பார்த்தார்கள். அந்த நிமிஷத்தில் ஒருவன் எழுந்து வந்து ஒரு தேசத்தைக் கொடுத்து, தோளில் கைபோட்டு, சிநேகிதன் என்றான். அவ்வளவுதான், ஆயுள் முழுவதும் அவன் சொன்ன நியாயமும் நியாயம், அவன் செய்த அக்கிரமமும் நியாயம் என்றாகிவிட்டது. ஒரு பெண்ணைச் சபையில் துகிலுரிந்தபோதும் கர்ணன் எதிர் வார்த்தை பேசவில்லை, கூடச் சேர்ந்து ஏசினான். இதை நன்றி என்று சொல்லலாமா? மானத்தை ஊரெல்லாம் பறித்துக்கொண்ட ஒருவன், அதில் ஒரு பிடியைத் திருப்பிக் கொடுத்தவனுக்கு உயிரையே அடமானம் வைத்தான் என்பதைத் தவிர இதில் என்ன இருக்கின்றது?

தாராவியில் நடந்ததும் இதுதான். குழாயில் தண்ணீர் இல்லை. ரேஷன் கார்டு இல்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குள் போனால் அடி. பாஷை தெரியாதவன் என்ற ஏளனம். அப்படிப்பட்டவனை ஒருவன் "வா தம்பி" என்று கூப்பிட்டு உட்கார வைத்தால் அவன் அந்த வாசலில் நாய் போலக் கிடக்கமாட்டானா? கிடக்க வைத்தது யார் என்பதை விட்டுவிட்டு, கிடந்ததை விசுவாசம் என்று பெயரிட்டுப் படமெடுக்கிறார்கள்.

இந்த விசுவாசத்தின் கணக்கு வழக்கு காஞ்சிபுரத்துத் தறிக்காரருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரிந்திராது. மகள் கலியாணத்திற்கோ வைத்தியத்திற்கோ முதலாளியிடம் முன்பணம் வாங்குவது. அது தீருகிற வரைக்கும் வேறு முதலாளிக்கு நெய்யக்கூடாது. கூலியில் கழித்துக்கொண்டே போனாலும் கடன் மாத்திரம் கழியாது. கடைசியில் பள்ளிக்கூடத்திற்குப் போகவேண்டிய பையனும் தறிக்குழியில் வந்து உட்கார வேண்டியது. 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் இந்த வழக்கம் ஓடிப்போய்விடவில்லை. "ஆபத்துக்கு உதவினாரே" என்று முதலாளியை வாழ்த்தும் வாயும் அந்தத் தறிக்குழிக்குள்தான் இருக்கின்றது. மாரியோ பூசோ 1969-ல் எழுதி, கொப்போலா 1972-ல் படமாக்கிய "காட்ஃபாதர்" என்னும் அமெரிக்கக் கதையும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. பிணப்பெட்டி வியாபாரி ஒருவன், தன் மகளை அடித்து நொறுக்கினவர்களைக் கோர்ட்டு விட்டுவிட்டதென்று அழுதுகொண்டு பெரியவரிடம் வருகிறான். பெரியவர் பணம் வாங்கவில்லை. என்றைக்காவது ஒருநாள் நான் ஒன்று கேட்பேன், அன்றைக்குச் செய் என்கிறார். அதுதான் முன்பணம்! தொகை எழுதாத பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறவன், வட்டிக்காரனைவிட யோக்கியன் என்று எப்படிச் சொல்வது?

குடும்பம் என்பதோ இன்னும் மோசம். அந்த "காட்ஃபாதர்" கதையில் படித்த மகன், பட்டாளத்தில் பதவி வகித்தவன், இந்தத் தொழிலே வேண்டாமென்று ஒதுங்கியிருந்தவன், தகப்பனைச் சுட்டார்கள் என்றவுடன் கொலைகாரனாகிறான். குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான் எல்லாம் என்கிறான். தங்கையின் புருஷனைக் கொல்கிறான். 1974-ல் வந்த இரண்டாம் பாகத்தில் கூடப்பிறந்த அண்ணனையே கொல்லச் சொல்கிறான். குடும்பத்தைக் காப்பாற்றக் குடும்பத்தையே கொன்ற பிறகு மிஞ்சுவது என்ன? நாற்காலி மிஞ்சுகிறது. பெண்டாட்டி கேள்வி கேட்டால் பொய் சொல்லி, முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறார்கள். முதல் படம் அந்தச் சாத்திய கதவோடுதான் முடிகிறது. நம்மூரில் 1992-ல் வந்த "தேவர் மகன்" படத்திலும் லண்டனில் படித்துவிட்டு வந்த பிள்ளை, தகப்பன் செத்தவுடன் காதலித்தவளை விட்டு, மீசையை முறுக்கி, தகப்பன் நாற்காலியில் உட்காருகிறான். கடைசியில் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று சொல்லிவிட்டு ஜெயிலுக்குப் போகிறான். அந்தப் புத்தியும் படத்திலேயே இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் ஜனங்கள் பாடிக்கொண்டிருந்தது புத்தியையா, ஜாதிப் பாட்டையா என்பது தென்பாண்டி நாட்டில் கலியாண வீடுகளில் ஒலிபெருக்கி கேட்டவர்களுக்குத் தெரியும்.

இந்தக் கதைகளில் பெண்களுக்குள்ள வேலை மூன்று. சோறு போடுவது, அழுவது, எதிரியின் குண்டுக்குச் சாவது. 2006-ல் வந்த "புதுப்பேட்டை"யில் இதை மூடி மறைக்காமல் காட்டினார்கள் என்பதற்காக அப்படத்தை நாம் பாராட்டுகிறோம். தனக்காக உயிரைக் கொடுக்கத் தயாராயிருந்த சிநேகிதனுடைய தங்கையின் கலியாணத்துக்குப் போன ரவுடித் தலைவன், பெண்ணைப் பார்த்து ஆசைப்பட்டு மாப்பிள்ளையைத் தள்ளிவிட்டுத் தானே தாலியைக் கட்டிவிடுகிறான். விசுவாசத்துக்குக் கிடைத்த சம்பளம் அது. 2008-ல் வந்த "சுப்ரமணியபுரம்" இன்னும் உண்மை பேசிற்று. வேலையில்லாத வாலிபர்கள், ஒரு அரசியல்வாதி வீட்டாரின் சொல்லுக்காகக் கொலை செய்து ஜெயிலுக்குப் போகிறார்கள். அந்த வீட்டார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் ஒருவனைக் காதலித்த பெண்ணைக் கொண்டும், இன்னொருவனைக் கூட்டாளியைக் கொண்டும் காட்டிக்கொடுத்துக் கொன்றுவிடுகிறார்கள். வாலிபர்கள் தாதாப் படம் பார்த்தே தீரவேண்டுமென்றால் இதைப் பத்துத் தரம் பார்க்கட்டும்.

சினிமாவை விட்டுவிட்டாலும், காஞ்சிபுரத்துக்காரர்கள் கண்ணெதிரே நடந்ததே இருக்கிறது. ஸ்ரீதர் என்பவர் கள்ளச்சாராயத்தில் ஆரம்பித்து, நிலம் பறிப்பதில் பெரிய ஆளாகி, அவர் பெயரைச் சொன்னாலே பத்திரம் கைமாறுகிற நிலைமைக்கு வந்தார். முடிவு என்ன? போலீசுக்குப் பயந்து தேசம் விட்டுப் போய், 2017-ம் வருஷம் அக்டோபர் மாதம் கம்போடியாவில் விஷத்தால் செத்தார். அவருக்கு விசுவாசமாயிருந்தவர்கள் துக்கம் காத்தார்களா? அவர் இடம் யாருக்கு என்று இரண்டு கட்சியாய்ப் பிரிந்து ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். வெட்டுப்பட்டவர்களும் வெட்டினவர்களும் பெரும்பாலும் ஏழைவீட்டுப் பிள்ளைகள். அந்தத் தாய்மார்கள் ஜெயில் வாசலில் மனுப் போட்டுக்கொண்டு நிற்பதை எந்தப் படக்காரரும் பாட்டுப் போட்டுக் காட்டவில்லை.

காஞ்சிபுரத்துத் திருட்டைப் பற்றி ஒரு படம் வந்ததே, அதற்கு எத்தனை பேர் விசில் அடித்தார்கள்? பிரியதர்ஷன் எடுத்து, பிரகாஷ் ராஜ் நடித்த "காஞ்சிவரம்". தேசத்திலேயே சிறந்த படமென்று 2007-ம் வருஷத்திற்கான சர்க்கார் பரிசு பெற்றது. மகளைப் பட்டுப்புடவை கட்டிக் கொடுப்பதாகச் சபதம் செய்த ஒரு நெசவாளி, ஊருக்கெல்லாம் பட்டு நெய்கிறவன், தன் வீட்டுக்கு ஒரு முழம் வாங்க வகையில்லாமல், இழை இழையாய்ப் பட்டு நூலை வாய்க்குள் அடக்கிக்கொண்டு வந்து இரவில் நெய்கிறான். பிடிபடுகிறான்; ஜெயிலுக்குப் போகிறான்; குடும்பமே அழிகிறது. குடும்பத்துக்காகக் குற்றம் செய்தவன் என்றால் அவனல்லவா செய்தவன்? ஆனால் அவன் யாரையும் மிரட்டவில்லை, யாரும் அவன் காலில் விழவில்லை. ஆகவே அவன் நாயகன் ஆகவில்லை. வாயில் நூலை வைத்தவன் திருடன், கப்பலில் சரக்கு இறக்கினவன் பெரிய மனுஷன் என்பதாக ஏழைகளும் சேர்ந்தல்லவா தீர்ப்புச் சொல்லுகிறார்கள்!

இத்தாலி தேசத்தில் சிசிலித் தீவுதான் இந்த மாஃபியா என்பதற்குத் தாய்வீடு. அங்கே சினிசி என்கிற சிற்றூரில் பெப்பினோ இம்பாஸ்தாத்தோ என்று ஒரு வாலிபன் இருந்தான். அவன் தகப்பனே மாஃபியாக்காரன். அந்த ஊர் தாதாவான பதலமெந்தியின் வீடு அவர்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரம். குடும்ப விசுவாசம் என்று பார்த்தால் பையனும் அந்த வழியிலேயே போயிருக்க வேண்டும். அவனோ பத்திரிகை நடத்தினான், கூட்டம் போட்டான், தகப்பன் வீட்டைவிட்டு வெளியேற்றிய பிறகும் விடாமல், சொந்தத்தில் ஒரு ரேடியோ வைத்து அந்தத் தாதாவைப் பெயர் சொல்லிக் கேலி செய்து ஊரையே சிரிக்க வைத்தான். 1978-ம் வருஷம் மே மாதம் 9-ந் தேதி அவனைக் கொன்று ரயில் தண்டவாளத்தில் வெடிவைத்துச் சிதறடித்து, அவனே குண்டு வைக்கப் போய்ச் செத்தான் என்று கதை கட்டினார்கள். அவன் தாய் ஃபெலிசியா, ஊர் வழக்கப்படி வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. பழிக்குப் பழி என்று உறவினரை ஏவவுமில்லை. மகனின் தோழர்களோடு சேர்ந்து 20 வருஷத்திற்குமேல் கோர்ட்டு வாசல் ஏறினாள். 2002-ல் பதலமெந்திக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2004-ல் அவள் சாகிற வரைக்கும், மகனைப் பற்றிக் கேட்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளையெல்லாம் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"காட்ஃபாதர்" எழுதிய பூசோவோ, தான் நிஜமான ஒரு மாஃபியாக்காரனையும் நேரில் அறிந்ததில்லை, படித்துத் தெரிந்துகொண்டே எழுதியதாகத் தாமே சொல்லியிருக்கிறார். பார்க்காதவர் எழுதினது உலகமெங்கும் ஓடுகின்றது. அந்த வீட்டிலேயே பிறந்து அதை எதிர்த்தவன் கதையை 2000-ம் வருஷத்தில் இத்தாலிக்காரர்கள் படமாக்கினார்கள். நம் நாட்டில் அதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

ஆதலால் சர்க்கார் தடை போடவேண்டுமென்று நாம் கேட்கவில்லை. தடை போட்டால் பேர்தான் ஏறும். திருமுக்கூடல் வாலிபர்களும் காஞ்சிபுரத்து வாலிபர்களும் தாராளமாய்ப் படத்துக்குப் போகட்டும். போகும்போது வீட்டுப் பெண்களையும் அழைத்துக்கொண்டு போகட்டும். திரும்பி வருகிற வழியில், அந்தத் தாதா வீட்டில் மகளாகவோ மருமகளாகவோ இருக்கச் சம்மதமா என்று அவர்களையே முதலில் பேசச் சொல்லி, தாங்கள் வாயை மூடிக்கொண்டு கேட்கட்டும்.