தண்ணியை மட்டும் மொண்டு பார்த்தது போதும்! பாலாற்று வண்டலைத் தோண்டிப் பார்!

பாலாற்றங்கரை விவசாயப் பெருங்குடி மக்களே! விவசாயத் தொழிலாளர்களே! தாய்மார்களே!

ஆத்துத் தண்ணியில் மாசு குறைஞ்சிடுச்சாம். குறைதீர் கூட்டத்துக்குப் போனால் ஒரு அதிகாரி எழுந்து தாளைப் பார்த்துப் படிக்கிறார். இன்ன தேதியில், இன்ன பாலத்துக்குக் கீழே ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்தோம், எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது என்கிறார். வெள்ளம் வந்து வடிந்த மறுவாரம் எடுத்தால் வரம்புக்குள்தான் இருக்கும்! நாம் கேட்பது வேறு. அடியில் கிடக்கிறதே வண்டல், அதை எப்போது எடுத்துப் பார்த்தீர்கள்? இதற்கு மட்டும் பதில் வருவதில்லை.

சாணி மக்கும். செத்த மாடு கூட மக்கும். குரோமியமும் ஈயமும் காட்மியமும் மக்காது. ஆற்றில் விட்ட உலோகம் தண்ணியோடு கடலுக்குப் போய்விடும் என்று நினைப்பது தப்பு. அதில் பெரும்பகுதி களிமண்ணிலும் நைஸான வண்டலிலும் ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகிறது. தண்ணீர் இன்று வரும், நாளை போகும். கணக்கை வைத்திருப்பது வண்டல்தான்.

நம் தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்டார்கள். 1970களுக்குப் பிறகு குரோம் உப்பு வந்தது. வழக்கமான முறையில், போடுகிற குரோமியத்தில் தோல் குடிப்பது 60 முதல் 70 சதவீதம்தான். மிச்சம் கழிவு நீரில் போகும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று வரிசையாக எத்தனை வருஷம் அந்த மிச்சம் போனது! இதற்கு மேல் ராணிப்பேட்டை சிப்காட்டில் 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை 2 லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை மலையாகக் குவித்துவிட்டுப் போனது. ஒவ்வொரு மழைக்கும் அது கரைகிறது.

இப்போது "மூணு இணைதிறன் குரோமியம் ஆபத்தில்லை, ஆறு இணைதிறன்தான் விஷம்" என்று நமக்கே ரசாயனப் பாடம் நடத்துகிறார்கள். பாதி உண்மை. தோல் பதனிட உதவும் குரோமியம் முதல் வகைதான். அது சுலபத்தில் மண்ணை விட்டு இளகாது. ஆனால் மண்ணில் இருக்கிற மாங்கனீசு ஆக்சைடு அதில் ஒரு பகுதியை ஆறு இணைதிறனாக மாற்றக் கூடியது. ராணிப்பேட்டைக் குவியலில் ஆரம்பத்திலிருந்தே அந்த இரண்டாவது வகை இருக்கிறது. அது தண்ணியில் கரைந்து கிணறு தேடி வரும். மொத்தக் குரோமியம் எவ்வளவு, இரண்டு வகையும் தனித்தனியே எவ்வளவு, பயிர் வேர் இழுக்கக் கூடிய நிலையில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாத அறிக்கை எதற்கு உதவும்?

"மண்ணில் இயற்கையாகவே குரோமியம் உண்டு" என்பது அடுத்த வாதம். உண்டு, யார் இல்லை என்றது? அதற்குத்தானே ஆழமாகக் குழாய் இறக்கி, அடுக்கு அடுக்காக மண் எடுக்க வேண்டும் என்கிறோம். அடியில் கிடப்பது ஆவாரம்பட்டைக் காலத்து மண். மேலே இருப்பது குரோம் காலத்து மண். களிமண்ணோடு கூடவே கூடிக் குறைவது அலுமினியம். ஒவ்வொரு அடுக்கிலும் அலுமினியத்துக்குக் குரோமியம் என்ன விகிதம் என்று பார்த்தால் எது இயற்கை, எது ஆலை என்று தெரிந்துபோகும். விஞ்ஞானிகளுக்கு இது அரை நூற்றாண்டாகத் தெரிந்த முறை. ஆனால் ஆற்று நடுவில் இதைச் செய்யாதீர்கள். மணல் கொள்ளைக்காரன் பொக்லைன் விட்டுப் புரட்டிய இடத்தில் ஏது அடுக்கு? ஆற்றுக் கால்வாய் பாயும் ஏரிகளில், தூர் வாராத மூலையில் எடுக்க வேண்டும். வெறும் மணலில் எடுத்தால் உலோகம் குறைவாகத்தான் காட்டும். அந்தத் தந்திரமும் நமக்குத் தெரியும்.

ஏன் இத்தனை அவசரம்? 2017 முதல் ஏரி வண்டலை இலவசமாக எடுத்துக் கழனிக்கு அடிக்கச் சொல்கிறது அரசு. 2024-இல் தாசில்தாரே அனுமதி தரலாம் என்று சுலபமாக்கினார்கள். நல்ல திட்டம், நாமே கேட்டு வாங்கியது. வண்டல் அடித்த கழனியில் விளைச்சல் ஏறும் என்பது பாட்டன் அறிவு. ஆனால் தோல் கழிவு கலந்த கால்வாய் பாய்ந்த ஏரியின் வண்டல் உரமா, விஷமா? 2021 நவம்பர் வெள்ளம் ஆற்றின் அடிமண்ணைக் கலக்கி எந்தெந்த ஏரியில் கொண்டுபோய்ப் போட்டது? சோதிக்காமல் அனுமதிச் சீட்டுக் கொடுப்பவர், நாளைக்கு நெல்லிலும் கீரையிலும் குரோமியம் இருந்தால் பொறுப்பேற்பாரா? குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியம்தான் இருக்கலாம் என்று வரம்பு வைத்த நாட்டில் ஆற்று வண்டலுக்கு ஒரு வரம்பு கூட இல்லை! கனடாவில் கிலோ வண்டலில் 90 மில்லிகிராமைத் தாண்டினால் தண்ணீர் உயிர்களுக்குக் கேடு வரக்கூடும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

நீதிமன்றம் சொல்லாமல் இல்லை. 1996-இல் உச்ச நீதிமன்றம் மாசு செய்தவனே கொடுக்க வேண்டும் என்றது. 2001-இல் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் என்று ஆணையம் கணக்குப் போட்டது. வகுத்துப் பாருங்கள், தலைக்கு 9 ஆயிரத்துச் சொச்சம். ஒரு கறவை மாட்டு விலை கூட இல்லை! 2025 ஜனவரி 30-இல் மீண்டும் உச்ச நீதிமன்றம், கொடுக்காமல் விட்ட இழப்பீட்டைக் கொடு, சேதம் சரியாகும் வரை மாசு செய்தவர் பொறுப்பு தீராது என்றது. சேதம் சரியானதா என்பதை எதை வைத்துச் சொல்வார்கள்? ஒரு பாட்டில் தண்ணியை வைத்தா? அப்படி விட்டால் "ஆறு சுத்தம்" என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். வண்டல் கணக்கு நம் இழப்பீட்டுக் கணக்கு!

எனவே பாலாற்றுப் பாசன ஏரி ஒவ்வொன்றிலும் வண்டலை அடுக்கு வாரியாகச் சோதிக்க வேண்டும். முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் ஒட்ட வேண்டும். அதுவரை தோல் கழிவு பாய்ந்த ஏரிகளில் வண்டல் அனுமதியை நிறுத்தி, மாற்று ஏரியைக் காட்ட வேண்டும். சோதனைச் செலவு முழுக்க ஆலைகள் தலையில். மண் எடுக்கும்போது ஊர் விவசாயிகள் இருவர் கூட நிற்க வேண்டும், அதே மண்ணில் பாதியை முத்திரையிட்டு அவர்கள் கையில் தர வேண்டும்.

வரும் மாதக் குறைதீர் கூட்ட நாளில் எல்லோரும் ஆட்சியர் அலுவலகம் முன்பு திரளுவோம். உங்கள் ஏரி வண்டலில் ஒரு கிலோ கொண்டு வாருங்கள். மம்முட்டியில் வெட்டாதீர்கள், எவர்சில்வர் கரண்டியும் வேண்டாம். எவர்சில்வரிலேயே குரோமியம் இருக்கிறது, அதைச் சொல்லியே நம் மண்ணைத் தள்ளிவிடுவார்கள். மரக்கரண்டியிலோ பிளாஸ்டிக் டப்பாவிலோ அள்ளி, புதுப் பையில் கட்டி, ஏரி பெயர், சர்வே எண், ஆழம், தேதி எழுதுங்கள். சிட்டா நகலையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.