ஆட்டுக்கு விலை உண்டு, ஆளுக்கு?



காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரத்து உழவர்கள் வீதிக்கு வந்து போராடினார்கள். தெருநாய்கள் குதறிப்போட்ட ஆடுகளுக்கு நியாயம் கேட்டார்கள். 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் சட்டமன்றத்திலே அறிவிப்பு வந்தது. நாய் கடித்து மாண்ட ஆட்டுக்கு 6,000 ரூபாய், மாட்டுக்கு 37,500 ரூபாய், கோழிக்கு 200 ரூபாய்!

நல்ல அறிவிப்பு. வரவேற்றோம். பட்டி காலியானால் உழவனின் அடுப்பும் அணைந்துவிடும் என்பதை நாம் அறியாதவர்கள் அல்லவே!

ஆனால், ஒன்று கேட்கிறோம். ஆட்டைக் காக்கத் தடியெடுத்து ஓடும் கிழவனின் கெண்டைக்காலை அதே நாய் கவ்வினால், அதற்கு என்ன தொகை? அந்த அறிவிப்பிலே தேடிப் பார்த்தோம். ஆடு இருந்தது. மாடு இருந்தது. கோழிகூட இருந்தது. ஆள் இல்லை!

சிறு விஷயம் என்று சிலர் சிரிக்கக்கூடும். 2024ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடிகள். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 4 லட்சத்து 80 ஆயிரம். அதே ஆண்டில் இங்கே வெறிநாய்க்கடி நோய்க்கு 43 உயிர்கள் பலி!

கடிபட்டவர் யார்? கண்ணாடி ஏற்றிய காரில் செல்லும் கனவானையா நாய் துரத்துகிறது? விடியுமுன் தெருக்கூட்டப் புறப்படும் அம்மையாரை, செய்தித்தாள் போடும் சிறுவனை, இரவு வேலை முடித்து வீடு திரும்பும் ஆலைத் தொழிலாளியைத்தான் துரத்துகிறது. 2024 மே மாதம் சென்னைப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வீலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அந்தச் சிறுமி யார் மகள்? பூங்காவைக் காத்துநின்ற காவலாளியின் மகள்! நாய் செல்வனுடையது, சதை ஏழையினுடையது.

"ஊசிதான் இலவசமாகப் போடுகிறார்களே, இன்னும் என்ன?" என்பார்கள். ஆம், அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். ஆனால் முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று நான்கு முறை வரிசையில் நிற்க வேண்டும். அந்த நான்கு நாள் கூலியை யார் தருவார்? புண் ஆறும்வரை மூட்டை தூக்க முடியாதவன் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்?

இழப்பீடு என்று நாம் கேட்பது இதைத்தான். இரக்கப்பட்டுப் போடும் பிச்சை அல்ல. கடமை தவறியவர் கட்ட வேண்டிய கடன்!

கடமை யாருடையது? 2023ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. தெருநாய்களுக்குக் கருத்தடை செய்வதும் தடுப்பூசி போடுவதும் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. அந்தப் பொறுப்பு தவறிய இடத்திலேதான் பல் பதிகிறது.

பஞ்சாப் - அரியானா உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில் துணிந்து ஒரு கணக்குச் சொன்னது. பதிந்த பல் தடம் ஒன்றுக்குக் குறைந்தது 10,000 ரூபாய். சதை பிய்ந்திருந்தால், காயத்தின் ஒவ்வொரு 0.2 சென்டிமீட்டருக்கும் குறைந்தது 20,000 ரூபாய். முதலில் கொடுக்க வேண்டியது அரசு. பிறகு, தவறிய அமைப்பிடமோ நாயின் உரிமையாளரிடமோ அரசு வசூலித்துக்கொள்ளட்டும் என்றது. கேரளத்துக்கு 2016ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம் நீதிபதி சிரி ஜெகன் தலைமையில் குழு அமைத்தது. கர்நாடகம் 2025ஆம் ஆண்டு, நாய் கடித்து இறந்தவரின் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் என்று அறிவித்தது.

அண்டை வீட்டில் விளக்கெரிகிறது. நம் வீட்டில் மட்டும் இருட்டு ஏன்? மருத்துவத்தில் முன்னோடி என்று மார்தட்டும் மாநிலம் இதிலே பின்தங்கலாமா? ஆட்சி யார் கையில் இருந்தாலும் கேட்போம். கடிபட்டவருக்கு இவ்வளவு, இத்தனை நாளில், இந்த அலுவலகத்தில் என்று அச்சிட்ட ஆணை வேண்டும்!

வீட்டு நாய் கடித்தால்? அலட்சியமாக விட்ட உரிமையாளருக்கு பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். ஆனால் தண்டம் என்பது அரசுக்குக் கட்டுவது. கடிபட்டவன் தன் நட்டத்துக்கு உரிமையியல் நீதிமன்றத்திலே தனியே வழக்குத் தொடரலாம். வக்கீலுக்குப் பணமில்லையா? பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும், ஆலைத் தொழிலாளருக்கும், வருமானம் குறைந்தோருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச உதவி தரக் கடமைப்பட்டது.

வேலை நேரத்தில், வேலையின் காரணமாகக் கடிபட்டால் முதலாளிக்கும் பொறுப்புண்டு. 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலே பிறந்த உரிமை அது. இன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலே இருக்கிறது. வீடு வீடாய் உணவு சுமக்கும் இளைஞனுக்கு மட்டும் அந்தக் கதவு அடைபட்டிருக்கிறது. அவனை 'பங்காளி' என்கின்றன நிறுவனங்கள். இலாபம் பிரிக்கும்போது காணாமல் போகும் பங்காளி. நாய் கடிக்கும்போது மட்டும் நினைவுக்கு வரும் பங்காளி!

நாயின்மீது நமக்குப் பகையில்லை. விஷம் வைப்பதும் அடித்துக் கொல்வதும் குற்றம், கோழைத்தனமும்கூட. வாயில்லாப் பிராணியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, வாயுள்ள அதிகாரி தப்பித்துக்கொள்ளக் கூடாது என்பதே நம் வாதம்.

தோழர்களே, நம் வேலை என்ன? தெருவில் ஒருவர் கடிபட்டால் முதலில் ஓடுபவர் நீங்களாக இருங்கள். குழாய் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் காயத்தைக் கழுவச் செய்யுங்கள். சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் வேண்டாம். மந்திரிக்க அழைத்துப் போகாதீர்கள்! 1907ஆம் ஆண்டிலேயே குன்னூரில் பாஸ்டர் நிலையம் எழுந்த நாடு இது. ஆழமான காயமென்றால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புப் புரத ஊசியையும் கேட்டுப் பெறுங்கள். மருத்துவச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். காயத்தைப் படமெடுங்கள். ஆணையருக்கு எழுத்திலே புகார் கொடுத்து, பெற்றதற்குக் கையொப்பம் வாங்குங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போகும். காகிதம் வழக்குமன்றம் வரை வரும்.

மன்ற உறுப்பினராக அமர்ந்திருக்கும் நம் தோழர்களுக்கும் ஒரு சொல். உங்கள் வட்டத்தில் எத்தனை நாய்க்குக் கருத்தடை நடந்தது என்று அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். நம்மவர் நாற்காலியில் இருக்கிறார் என்பதற்காக நாக்கு மடங்கலாமா? கேள்வி கேட்டு வளர்ந்த இயக்கம் அல்லவா இது!

ஆட்டின் உயிருக்கு ஈடு உண்டென்று ஒப்புக்கொண்ட நாடு, அதை மேய்ப்பவனின் இரத்தத்துக்கும் ஈடு உண்டென்று ஒப்புக்கொள்ளட்டும். அதுவரை கேட்போம். கேட்டுக்கொண்டே இருப்போம்!