உப்பளக் கரையும் பள்ளிக் கணக்கும்

சிறுபாணாற்றுப்படையில் இடம்பெறும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் அந்நெய்தல் நிலத்தில், உவர்நீரைப் பாத்தியில் தேக்கிக் கதிரவனின் வெம்மையால் உப்பு விளைவிக்கும் தொழில் இன்றும் நடைபெறுகின்றது. தை, மாசியில் பாத்தி திருத்துவர். பங்குனி முதல் ஆவணி வரை உப்பு வாருவர். ஐப்பசியில் பருவமழை இறங்கியதும் உப்பளம் உறங்கும். தொழிலாளியின் அடுப்பும் பாதி உறங்கும். இக்கரையில் தனியார் பள்ளி நடத்துவோர் முதலில் படிக்க வேண்டிய கணக்கு இதுவே.

கட்டணம் ஏறுகின்றதே எனப் பெற்றோர் வருந்துகின்றனர். செலவு ஏறுகின்றதே என நிர்வாகத்தார் வருந்துகின்றனர். இரண்டும் உண்மையே. ஆசிரியர் ஊதியம், வருங்கால வைப்பு நிதி, பேருந்து, எரிபொருள் என எதுவும் குறைவதில்லை. உப்புக் காற்றோ சன்னல் கம்பியை அரிக்கும். கூரைக் காரைக்குள் இருக்கும் இரும்பையும் துருவேற்றி வெடிக்கச் செய்யும். 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில் உப்பளங்கள் மூழ்கியதை நாடறியும். செலவு உயர்வது குற்றமன்று; அதை எவ்வாறு ஈடுசெய்கின்றோம் என்பதிலேதான் நேர்மை விளங்குகின்றது.

சட்டம் இதில் தெளிவாகவே பேசுகின்றது. டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில் 2002-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வளர்ச்சிக்கென நியாயமான உபரியை ஒப்பியது. இலாப வேட்டையை மறுத்தது. தில்லிப் பள்ளிகள் தொடர்பான மாடர்ன் ஸ்கூல் வழக்கில் 2004-இல், மேம்பாட்டுக் கட்டணம் ஆண்டுக் கல்விக் கட்டணத்தில் 15 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்றும், தேய்மானத்துக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்றும் கூறியது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையிலான குழு, பள்ளியின் அமைவிடம், கட்டமைப்பு, பராமரிப்புச் செலவு, வளர்ச்சிக்கான உபரி ஆகியவற்றை நோக்கிக் கட்டணம் நிர்ணயிக்கின்றது. ஆயினும் சட்டம் உச்சவரம்பைத்தான் கூறும், மனச்சான்றை ஊட்டாது.

நாம் செய்யத்தக்கவை யாவை?

முதலாவது, தவணைக் காலம். ஐப்பசி முதல் மார்கழி வரை உப்பளக் குடும்பத்திடம் பணம் கேட்பது வற்றிய கிணற்றில் வாளியை இறக்குவது போன்றது. உப்பு விளையும் மாதங்களில் பெரும்பகுதியையும், எஞ்சியதைப் பங்குனியிலும் பெறலாம். அவ்வாறாயின் மழைக்காலத்தில் ஊதியம் எங்கிருந்து வரும் என நிர்வாகி வினவுவார். நியாயமான வினா. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 400 மாணவர், தலைக்கு ஆண்டுக் கட்டணம் 15,000 ரூபாய். மொத்த வரவு 60 இலட்சம். மாத ஊதியம் 3 இலட்சம் எனில் மும்மாதத் தேவை 9 இலட்சம். வரவில் நூற்றுக்கு ஐந்து வீதம் ஒதுக்கினால் ஆண்டுக்கு 3 இலட்சம். மூன்றே ஆண்டுகளில் அந்நிதி நிறைந்துவிடும். முதல் மூன்றாண்டுகள் கடினமானவையே. அக்காலத்தில் கைகொடுப்பதே சமுதாயச் செல்வர்களின் கடமை.

இரண்டாவது, சிக்கனம் எங்கே என்பது. ஆசிரியரின் ஊதியத்தைக் குறைப்பதும் மே மாதச் சம்பளத்தை நிறுத்துவதும் சிக்கனமல்ல. பாதுகாப்பில் கைவைப்பது அதனினும் கொடிது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிஞ்சுகளைத் தீக்கு இழந்தோம். அதை மறந்து எந்த வரவு செலவுத் திட்டமும் எழுதலாகாது. விழா மேடையிலும் விளம்பரத் தட்டியிலும் அலங்கார வளைவிலும் குறைக்க இடமுண்டு.

மூன்றாவது, சலுகை. ஏழை மாணவனுக்குக் கட்டணம் குறைப்பது அறம். ஆனால் அச்சுமையை மற்றொரு நடுத்தரப் பெற்றோரின் தலையில் ஏற்றுவது அறமாகாது. நன்கொடையைத் தனிக் கணக்கில் வைத்து அதிலிருந்தே சலுகை வழங்க வேண்டும்.

நான்காவது, கணக்கைத் திறந்து வைத்தல். தணிக்கை செய்த வரவு செலவை ஆண்டுக்கொரு முறை பெற்றோர் முன் எளிய தமிழில் படித்துக் காட்டினால் நிர்வாகத்தின் மதிப்புக் குறையும் எனச் சிலர் அஞ்சுவர். மாறாக, ஐயம் அகன்றபின் உயர்த்தும் நூறு ரூபாயைப் பெற்றோர் மனமுவந்து தருவர். பள்ளிப் பணம் நிர்வாகியின் பணமன்று. நம்பி ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பள்ளி நிதியைப் பிற தொழிலுக்குக் கைமாற்றாக எடுத்து, பின்னர் வைத்துவிடலாம் என எண்ணுவதும் அந்நம்பிக்கைக்கு இழைக்கும் கேடே.

மாணவச் செல்வங்களே! உங்களுள் பலர் நாளை ஆசிரியராவீர். சிலர் பள்ளிகளை நிர்வகிப்பீர். உப்பளத்துக்குச் சென்று பாருங்கள். வெயிலில் வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்து, மழை கரைத்துவிடாதபடி ஓலையால் மூடி வைக்கின்றான் அத்தொழிலாளி. எழுத்தறியாதவனாயினும் அவன் கணக்கில் பிழையில்லை. அவன் பிள்ளை பயிலும் பள்ளியின் கணக்கிலும் பிழை நேரலாகாது.