கலர் கம்பெனியில் பங்கு

ஊரில் உள்ள பெரியவர்களுக்கும், அண்ணாச்சிமாருக்கும், மைனிமாருக்கும், ஊர் வாட்ஸ்அப் குழுவில் நடுச்சாமத்திலும் 'குட்மார்னிங்' போடும் தம்பிமாருக்கும் அட்லாண்டாவிலிருந்து வணக்கம்.

போன வாரம் சித்தப்பா போனில் கேட்டார். "நீ இருக்கிற ஊர்லதானே கோக் கம்பெனி இருக்கு? கங்கைகொண்டான் ஃபேக்டரி ஷேர் ஒருத்தர் வாங்கித் தாறாராம். லட்சத்துக்கு மாசம் மூவாயிரம். போடலாமா?" அதன் பிறகு இன்னும் நாலு பேர் இதையே கேட்டுவிட்டார்கள். ஆளாளுக்குச் சொல்லத் தொண்டையில் தெம்பில்லை. அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடல்.

கங்கைகொண்டான் சிப்காட்டில் நிற்கும் ஆலையில் நடப்பது பாட்டில் நிரப்பும் வேலை. அட்லாண்டாக் கம்பெனியின் பிழைப்பு பெரும்பாலும் வேறு. சாறு செய்து விற்பது, பெயரைக் கட்டிக்காப்பது, விளம்பரம் பண்ணுவது. தண்ணீர், சர்க்கரை, காஸ், பாட்டில், லாரி, கடைக்குக் கடை வைக்கும் ஃப்ரிட்ஜ் எல்லாம் நிரப்புகிறவர் தலையில். 1899ல் சாட்டனூகா ஊர் வக்கீல்கள் இரண்டு பேருக்கு, அன்றைய முதலாளி ஆசா கேண்ட்லர் அமெரிக்காவின் பெரும்பகுதிக்கான பாட்டில் உரிமையை ஒரு டாலருக்கு எழுதிக்கொடுத்தார். பாட்டிலில் என்ன பெரிய வியாபாரம் நடந்துவிடப்போகிறது என்று நினைத்தார் போல. அன்று பிரிந்த பாகம் இன்றைக்கும் அப்படியேதான் ஓடுகிறது.

நியூயார்க் சந்தையில் 'கோக் ஷேர்' என்று வாங்கினால் கையில் வருவது இந்தச் சாற்றுக் கம்பெனி. நம் சந்தையில் பேர்பெற்ற வருண் பெவரேஜஸ், பெப்சிக்காகப் பாட்டில் நிரப்பும் கம்பெனி. 2016ல் 445 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டார்கள். கோக்கின் இந்தியப் பாட்டில் கம்பெனியோ இன்னும் சந்தைக்கே வரவில்லை. அப்படியிருக்க, கங்கைகொண்டான் ஃபேக்டரி ஷேரை அந்த மனிதர் எந்தச் சந்தையில் வாங்கித் தருகிறார்?

சித்தப்பா கேட்ட அடுத்த கேள்வி, "ஆனா கோக் ஷேர் வாங்கினவன் எல்லாம் கோடீஸ்வரன் ஆனானாமே?" அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஃப்ளோரிடா போனபோது, அங்கே குவின்சி என்ற சின்ன ஊரில் வண்டியை நிறுத்தினேன். ஒரு காலத்தில் புகையிலை விளைந்த பூமி. கடைத்தெருச் சுவரில் பழைய கோக் விளம்பரம் வரைந்திருக்கிறது. அந்த ஊர் பேங்க்காரர் மன்ரோ, எல்லாரும் 'மிஸ்டர் பேட்' என்று கூப்பிட்டவர், கையில் காசில்லாத காலத்திலும் ஜனம் கடைசி அஞ்சு சென்டைக் கொடுத்து ஒரு கோக் குடிப்பதைக் கவனித்தாராம். கடன் கேட்டு வந்த விவசாயிகளிடம் இந்தப் பங்கை வாங்கு, வாங்கினால் விற்காதே என்று நச்சரித்திருக்கிறார். 1919ல் பங்கு வெளியானபோது விலை 40 டாலர். சர்க்கரை விலை ஆட்டம் போட்டதில் அடுத்த வருடமே பாதிக்கும் கீழே போனது. பயந்து விற்றவர்கள் போக, அவர் பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருந்தவர்கள் பிழைத்தார்கள். பஞ்ச காலமான 1930களில் அந்த ஊரைத் தாங்கியது இந்த டிவிடெண்ட்தான் என்கிறார்கள். அன்றைய ஒரு பங்கு, பிரிந்து பிரிந்து 2012ல் 9,216 பங்காகியிருந்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே வருடங்களில் வேறு கலர் கம்பெனிகளில் பணம் போட்டவர்களுக்கு யாரும் சுவரில் படம் வரைந்து வைக்கவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1998 ஜூலையில், வந்த புதிதில், கூட வேலை பார்த்தவன் சொன்னான் என்று பத்துப் பங்கு வாங்கினேன். ஒன்று எண்பது டாலருக்கு மேல். வாரன் பஃபெட்டே 1988லிருந்து வாங்கி வைத்திருக்கிறார், நமக்கென்ன என்ற தைரியம். அவர் வாங்கிய விலை என்ன, நான் வாங்கிய விலை என்ன என்று யோசிக்கவில்லை. 2000 மார்ச்சில் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்துப் பங்குக்கும் சேர்த்து ஒன்றரை டாலர் டிவிடெண்ட் வரும். உங்கள் மருமகள் அதை "உங்க பென்ஷன் வந்துருக்கு" என்பாள். வாங்கிய விலையைத் திரும்பப் பார்க்க 2014 ஆனது. கம்பெனி ஒரு நாளும் நொடிக்கவில்லை, டிவிடெண்டை வருடா வருடம் கூட்டிக்கொண்டேதான் இருந்தது. நல்ல மாட்டை இரட்டை விலை கொடுத்துப் பிடித்தது நான். 2012ல் பத்து இருபதானது. 2025ல் அந்த இருபதுக்கும் சேர்த்து வருடத்துக்கு 40 டாலர் 80 சென்ட். அந்த வருடத்துப் பங்கு விலையைப் பார்த்தால் நூற்றுக்கு மூன்று அளவில், அதுவும் வருடத்துக்கு. உங்கள் ஆள் அதே மூன்றை மாதாமாதம் தருகிறாராம்!

பாட்டில் கம்பெனிப் பங்குக்கு வேறு சூட்சுமம் உண்டு. சித்திரை வெயில்தான் அதற்கு அறுவடை. 2025 கோடையில் மழை புகுந்து கெடுத்ததில் வருண் பெவரேஜஸின் இந்திய விற்பனை சரிந்தது. போதாக்குறைக்கு ரிலையன்ஸ் 2023ல் பழைய கேம்ப்பாவைத் தூசிதட்டிப் பத்து ரூபாய்க்கு இறக்கியிருக்கிறது. ஜிஎஸ்டி நாற்பது சதவீதம். வெயிலையும் வரியையும் அம்பானியையும் தினம் பார்த்துக்கொண்டிருக்கத் தோதுள்ளவர்கள் வாங்கட்டும்.

எனக்குள் நெருடுவது ஒன்று உண்டு. 2017 மார்ச் முதல் தேதி வணிகர் சங்கங்கள் கோக்கையும் பெப்சியையும் விற்பதில்லை என்று நிறுத்தியபோது, நம் ஊர்க் கடையில் பொவண்டோவை அடுக்கிய படத்தைக் குழுவில் போட்டிருந்தீர்கள். தாமிரபரணித் தண்ணீரைக் கங்கைகொண்டானில் உள்ள கோக், பெப்சி ஆலைகளுக்குக் கொடுக்கத் தான் போட்டிருந்த இடைக்காலத் தடையை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை மறுநாளே நீக்கியது. குடத்தோடு குழாயடியில் நின்ற அத்தை, "நமக்கு ரெண்டு நாளைக்கு ஒருக்கா, அவனுக்கு எப்பவும்" என்று போனில் திட்டினாள். அடுத்த மாதம் என் கணக்கில் ஏழு டாலர் நாற்பது சென்ட் விழுந்தது. நானும் பங்குதாரன்தானே! அத்தையிடம் சொல்லவில்லை. இப்போது படித்துக்கொள்ளட்டும்.

பொவண்டோ பங்கு கிடைக்குமா என்று கேட்காதீர்கள். அதைச் செய்யும் காளிமார்க் 1916லிருந்து குடும்பக் கம்பெனி, சந்தையில் விற்பனைக்கு இல்லை.

நிஜமாகவே பங்கு வாங்க ஆசை என்றால் உங்கள் பான் எண்ணில், உங்கள் பேரில் டீமேட் கணக்கு திறங்கள். அமெரிக்கப் பங்குக்கும் ரிசர்வ் வங்கி வழி விட்டிருக்கிறது. டிவிடெண்டில் இங்கேயே 25 சதவீதம் வரி பிடித்துவிடுவார்கள். எது வாங்கினாலும் அது உங்கள் பேரில் உங்கள் கணக்கில் தெரிய வேண்டும், இன்னொருத்தர் நோட்டுப் புத்தகத்தில் அல்ல.

மைனி, அந்த ஆளிடம் பணம் கட்டியதற்கு என்று நீங்கள் அனுப்பிய ரசீதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தேதி இருக்கிறது, தொகை இருக்கிறது, பிள்ளையார் சுழி இருக்கிறது. கம்பெனி பேர் எங்கேயும் இல்லை. அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு நாளைக் காலையிலேயே போய்ப் பணத்தைக் கேளுங்கள். ரசீதை மட்டும் கையை விட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
அட்லாண்டாவில் இருக்கும் உங்கள் பிள்ளை