உடைந்த வீடும் உடையாத நம்பிக்கையும்



"தகப்பன் இல்லாத பிள்ளை, எங்கே உருப்படப்போகிறது?" என்னும் சொல் நம்மிடையே எளிதாக வந்துவிடுகிறது. பெற்றோர் பிரிந்த வீட்டுப் பிள்ளையைப் பற்றியும், குடிகாரத் தந்தையின் பிள்ளையைப் பற்றியும் இவ்வாறே தீர்ப்பளிக்கிறோம். பதினைந்து வயதில் இதைத் திரும்பத் திரும்பக் கேட்கும் பிள்ளை, தன் எதிர்காலத்தைப் பற்றித் தானும் அவ்வாறே எண்ணத் தொடங்கும். இத்தீர்ப்பு உண்மைதானா?

ஹவாய்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த கவாய் என்னும் தீவில் 1955-ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளை, உளவியல் அறிஞர் எம்மி வெர்னரும் அவருடன் பணியாற்றியோரும் நாற்பது வயது வரை தொடர்ந்து ஆராய்ந்தனர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, பேறுகாலச் சிக்கல், பெற்றோரின் பூசல் அல்லது பிரிவு, குடிப்பழக்கம், மனநோய் ஆகிய இடர்கள் பலவற்றின் நடுவே வளர்ந்தனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் பதினெட்டு வயதுக்குள் கல்வியிலோ நடத்தையிலோ மனநலத்திலோ இடறினர். எனவே, குடும்பநிலை ஒரு பொருட்டன்று எனக் கூறுவதற்கில்லை. ஆயினும், எஞ்சிய ஒரு பங்கினர் தன்னம்பிக்கையும் பொறுப்பும் உடையவராய், நாளையை நம்பிக்கையோடு நோக்குபவராய் வளர்ந்தனர்.

வேறுபாடு எங்கே இருந்தது? பெற்றோரால் இயலாதபோதும், பாட்டியோ அத்தையோ மூத்த உடன்பிறப்போ, எவரேனும் ஒருவர் சிறு வயது முதல் அப்பிள்ளைக்கு உறுதியாகத் துணைநின்றார். வீட்டுக்கு வெளியே ஓர் ஆசிரியரோ அண்டை வீட்டாரோ ஆலயத்தைச் சேர்ந்த பெரியவரோ ஊக்கமளித்தார். தம்பி தங்கையரைப் பேணுதல் போன்ற பொறுப்புகள் ஒப்படைக்கப்பட்டதால், வீட்டுக்குத் தாம் தேவைப்படுகிறோம் என்பதையும் பிள்ளைகள் உணர்ந்தனர். இளமையில் இடறியவர்களுள்ளும் பெரும்பாலோர், மேற்படிப்பு, நல்ல இல்வாழ்வு, சமயப் பற்று ஆகியவற்றின் துணையால் முப்பது, நாற்பது வயதுகளில் மீண்டனர்.

தந்தை வெளிநாட்டில் உழைக்கும் வீடும், தாய் தனித்து நடத்தும் வீடும் நம் தெருவிலும் உண்டு. அங்குள்ள பிள்ளைக்கு நம் இரக்கப் பார்வை வேண்டியதில்லை. நிலையாக உடனிருக்கும் ஒருவரே வேண்டும். திருமுழுக்கு நாளில் குழந்தையைக் கையில் ஏந்திய ஞானப்பெற்றோர், அது பத்தாம் வகுப்பை முடிக்கும் நாளில் எங்கே இருக்கின்றனர்? மாமன்மாரும் சித்தப்பன்மாரும் எங்கே?

இம்மாதமே அத்தகைய பிள்ளை ஒன்றிடம், "அடுத்து என்ன படிக்க விரும்புகிறாய்?" என்று கேளுங்கள். விடையைப் பொறுமையோடு செவிமடுங்கள். விண்ணப்பம் வாங்கச் செல்லும்போது உடன் செல்லுங்கள். அடுத்த மாதமும் மறவாமல் கேளுங்கள்.